ஒற்றைக் கோடு

மேஜைமேல் கிடந்த மூன்றையும் பார்க்கக் கூடாதென்று வசந்தாமணி சுவரில் தொங்கிய உரக்கடைக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள், காலண்டரில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார், அவருக்கென்ன, சிரிப்பார். மூன்றில் ஒன்று காலையில் சோதித்துப் பார்த்த ஸ்ட்ரிப், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை, அதன் நடுவில் சிவப்பாக இரண்டு கோடுகள். ஒரு கோடு என்றால் செடிக்கு ஒன்றுமில்லை, இரண்டு என்றால் வைரஸ். குருடனுக்குக்கூடத் தெரிகிற மாதிரி இரண்டு. இரண்டாவது பொருள் மயிலாத்தாள் வைத்துவிட்டுப் போன புகையிலைப் பொட்டலம். மூன்றாவது, இன்னும் உறை பிரிக்காத இன்னொரு ஸ்ட்ரிப், பெட்டியில் இருந்ததிலேயே கடைசி. அடுத்த பெட்டி கூரியரில் வர வேண்டும், என்றைக்கு வரும் என்பது கூரியர்காரனுக்கே வெளிச்சம், அதற்குள் ரெண்டாவது செட்டில், அந்த வலைக் கொட்டகையில், இருக்கும் தக்காளி நாற்று வண்டியேறியாக வேண்டும், வாங்குகிறவர்கள் பாத்தி பிடித்துத் தண்ணீர் கட்டிக் காத்திருக்கிறார்கள். முதல் செட் போயிற்று. அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை, ட்ரே ட்ரேயாகப் பிடுங்கிக் குழியில் போட்டு மூட வேண்டியதுதான். ரெண்டாவது செட்டும் போனால் பண்ணையே போயிற்று, கேட்டைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கலாம். இந்த நினைப்பு வந்ததும் மறுபடி முருகனைப் பார்த்தாள். வெளியே கேட்டுக்குப் பக்கத்தில், தென்னைநார்க் கழிவு மூட்டைகள்மேல், மத்தியான மினிபஸ்ஸுக்காக மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக அவளுடைய முதுகு தெரிந்தது. முதுகு கோபமாக இருக்கிறதா அழுகிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

காலையில் தான் கத்தியது இன்னும் காதிலேயே நின்றது. முதல் செட்டில் சில ட்ரேக்களில் இலைகள் ஒரு பக்கம் வெளுத்தும் ஒரு பக்கம் கரும்பச்சையாகவும் திட்டுத் திட்டாக இருப்பதைப் பார்த்தாள், கொழுந்து அகலமாக விரியாமல் நுனி ஒடுங்கியிருந்தது, பார்த்தவுடனேயே இலையைக் கிள்ளி, கசக்கி, ஸ்ட்ரிப்பைப் போட்டு, இரண்டு கோடு. இரண்டாவது கோடு முழுதாக எழும்புமுன்பே அவள் எழுந்துவிட்டாள். எல்லாப் பெண்களும் வரிசையாக நின்று நாற்றுக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள், நடுவில் மயிலாத்தாள், அவள் இடுப்புச் சொருகலில் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. "ஏ மயிலாத்தா, உன்ற வாய்க் கருமாந்தரத்துல என்ற பொழப்பே போச்சு!" ஏழு வருஷமாக மயிலாத்தாக்கா, மயிலாத்தாக்கா என்று கூப்பிட்ட வாய். அந்த அக்கா எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை, வைரஸ் தின்றுவிட்டது போலிருக்கிறது. அதற்குமேலும் என்னவோ சொன்னாள், எல்லாம் ஞாபகமிருந்தது, ஞாபகமில்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். மயிலாத்தாள் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், நேரே இந்த அறைக்குள் வந்து கைக் கத்தியை ஜன்னல் திண்டில் வைத்தாள், பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். "இதயும் அந்தக் குச்சில வெச்சுப் பாத்துக்கோ அம்மணி" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் வசந்தாமணிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு இன்னும் இரண்டு கத்தியிருக்கலாம்.

கத்துவதற்குக் காரணம் இல்லாமலில்லை. கோயமுத்தூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தபோது பாடம் எடுத்த மேடம் அவ்வளவு சொல்லியிருந்தார்கள். இது ஒரு வைரஸ் இல்லை, ஒரு குடும்பம், புகையிலைக்கு வருகிறது ஒன்று, தக்காளிக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று, வெள்ளரிக்கு ஒன்று, எல்லாம் ஒரே வம்சம், குச்சி குச்சியாக ஒரே சாயல். பங்காளிகள் என்று வசந்தாமணி நோட்டில் எழுதிக்கொண்டாள். இந்தப் பங்காளிகளிடம் ஒரு வசதி, பூச்சி இவர்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, மனிதன் கையே போதும். சீக்குச் செடியைத் தொட்ட விரலால் நல்ல செடியைத் தொட்டால் முடிந்தது. உள்ளே இருப்பது ஒரே ஒரு இழை, ஆர்என்ஏ, கொரோனாவுக்கும் அதேதான் என்று மேடம் சொன்னபோது கூட்டத்தில் பாதிப்பேர் முகத்தைப் பொத்தினார்கள், பழக்கதோஷம். உயிர் இருக்கிறதா அதற்கு என்று யாரோ கேட்டார்கள். செடிக்குள் போனால் இருக்கிற மாதிரி, வெளியே கிடந்தால் இல்லாத மாதிரி, ஆனால் வெளியே எத்தனை காலம் கிடந்தாலும் சாகாது, காய்ந்த புகையிலைக்குள், பீடிக்குள், துணியில், கத்தியில், இரும்புக் கம்பியில், வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் பண்ணைக்குள் புகையிலை கூடாது, பீடி கூடாது, கையை சோப்புப் போட்டுக் கழுவிப் பாலில் நனைத்துவிட்டுத்தான் நாற்றைத் தொட வேண்டும். பால் அதைக் கட்டிப்போட்டுவிடுமாம். ஆடை எடுத்த பால் பொடியை வாளியில் கரைத்து வாசலில் வைத்தால் பெண்கள் வரிசையாக முழங்கைவரை முக்கிக்கொண்டு போவார்கள். முதல் நாள் மயிலாத்தாள் வாளியைப் பார்த்துவிட்டு, "நமக்குக் கடுங்காப்பி, இதுகளுக்குப் பாலா? அடுத்த பொறப்புல தக்காளியாப் பொறந்துக்கறேன் போ" என்று சொல்லி அன்று பூராவும் எல்லோரையும் சிரிக்கவைத்தாள். அதே மயிலாத்தாள்தான். கடைவாய்ப் பல்வலிக்கு வைத்துப் பழகிய புகையிலை, வலி போயும் புகையிலை போகவில்லை. மதியச் சோற்றுக்கு அப்புறம் கேட்டுக்கு வெளியே போய்ப் போட்டுக்கொள்வாள், துப்புவாள், வாய் கொப்பளிப்பாள், சோப்பு, பால், எல்லாம் ஒழுங்காகச் செய்வாள், வசந்தாமணியும் தெரியாதமாதிரி இருந்துவிடுவாள். ஏன் இருந்தாள்? அவள் கைக்கு ஈடாக இன்னொரு கை இல்லை, அதுதான். சுண்டைக்காய்ச் செடியின் தலையை வெட்டி அந்தத் தண்டில் தக்காளிக் கொழுந்தைச் செருகிக் கிளிப் போடுவதற்குள் மற்றவர்கள் மூச்சுவிடுவார்கள், மயிலாத்தாள் இரண்டு முடித்திருப்பாள், இரண்டும் பிழைக்கும்.

செல்போன் அடித்தது. ரங்கசாமி, அவள் புருஷன், பொள்ளாச்சியில் நார்க்கழிவு ஏற்றிக்கொண்டிருந்தான், காலையிலேயே அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள், பின்னால் யாரோ மூட்டையை எண்ணுகிற சத்தம். "என்னாச்சு? அனுப்பிப்போட்டியா அவள?" என்றான். கேட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். "பொகையில போடறவ வேண்டாம்னு நாந்தான் அப்பவே சொன்னனே. பொகையிலைய வெச்சு ஒண்ணு பாத்துப்போடு, ரெண்டு கோடு வரும், போட்டோப் புடிச்சு வெச்சுக்க. நாளைக்கு ஊருல நாலு பேரு கேட்டா காட்டலாமல்ல. ஏழு வருசம் வேல செஞ்சவளத் தொரத்திப்போட்டாங்கன்னு பேச்சு வரக்கூடாது பாரு." கெட்ட மனுஷன் இல்லை. பேச்சு வரக்கூடாது என்பதுதான் அவனுக்குப் பெரிய விஷயம், கொங்கு நாட்டில் பாதிக் காரியம் அதற்காகத்தான் நடக்கிறது. "ரெண்டாவது செட்டு என்னாகும்?" என்று கேட்டாள். "அது ஆண்டவன் உட்ட வழி" என்று வைத்துவிட்டான். வசந்தாமணிக்கு அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதிலும் ஒரு நிம்மதி இருந்தது, அதை ஒளிக்க வேண்டாம், பொட்டலத்தில் வைரஸ் இருக்கிறது என்று இரண்டாவது சிவப்புக் கோடு சொல்லிவிட்டால் காலையில் கத்தியதெல்லாம் சரியாகிவிடும், அக்காவை விழுங்கியதுகூடச் சரியாகிவிடும். கடையில் விற்கிற புகையிலையில் பாதியில் இது தூங்கிக்கொண்டிருக்கும் என்று மேடம் சொன்னதும் ஞாபகம் வந்தது, அப்படியானால் கோடு எப்படியும் வரும், மயிலாத்தாள் தப்பு செய்திருந்தாலும் வரும் செய்யாவிட்டாலும் வரும். அந்த நினைப்பை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மற்றக் கையால் ஸ்ட்ரிப்பின் உறையைப் பிரிக்கக் கத்தியை எடுத்தாள். மயிலாத்தாள் வைத்துவிட்டுப் போன ஒட்டுக்கத்தி. மெல்லிய அலகு, மரப்பிடி. பிடியில் கட்டைவிரல் படுகிற பள்ளத்தில் மஞ்சளாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். சந்தனம், அதன் நடுவில் ஒரு புள்ளி குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது இன்னுமா இருக்கிறது என்று நினைத்தாள், நல்லதுதான் என்றும் நினைத்தாள், பிறகு கை அப்படியே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. மனசு எதையோ தொட்டுவிட்டுச் சுடுகிறதென்று கையை இழுத்துக்கொண்டது. சந்தனம். ஆயுத பூஜை. இந்த வருஷம் நன்றாகச் செய்தார்கள், வாழைக்கன்று கட்டினார்கள், பொரி கடலை போன வருஷத்தைவிடத் தாராளம், எல்லாக் கத்தியையும் அவளே கழுவினாள், மற்றவர்கள் கழுவட்டும் என்று விடவில்லை, முதலாளியம்மாவே ஆயுதத்தைக் கழுவினால் விசேஷம் என்று யாரோ சொன்னார்கள், யார், மயிலாத்தாளா, இல்லை, தானே சொல்லிக்கொண்டதுதான். பெரிய அண்டாவில் தண்ணீர், அதில் எல்லாக் கத்தியும் ஒன்றாக, கத்திரிக்கோல், கிளிப் டப்பா, எல்லாம் ஒன்றாக முங்கிக் குளித்தன. புது ஈரிழைத் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள், ஒரே துண்டு. அதனாலென்ன? நல்ல கத்திகள்தானே, தினமும் கிருமியைக் கொல்லும் மருந்துத் தண்ணியில் முக்குகிற கத்திகள். எல்லாம் நல்ல கத்திதானா? இங்கே வந்து நினைப்பு முட்டியது. பூஜைக்கு முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்துக் கிட்டுசாமி அண்ணன் வந்திருந்தார். தன் நிலத்துத் தக்காளிச் செடி ஒன்றைப் பிடுங்கிச் சாக்கில் சுருட்டிக்கொண்டு, "அம்மணி, இது வாடல் நோவான்னு பாத்துச் சொல்லு" என்றார். வாடல் நோய் என்றால் தண்டைக் குறுக்கே வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் வெள்ளையாக நூல் மாதிரி கசியும். வெட்டினாள். எதனால் வெட்டினாள்? பக்கத்தில் கிடந்த ஒட்டுக்கத்தியால். நூல் இறங்கவில்லை. "வாடல் இல்லீங்ணா, தைரியமாப் போங்க" என்று ஒரு டாக்டர் தோரணையில் சொன்னாள், அவரும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார், அன்றைக்கு ராத்திரிவரை அந்தக் கும்பிடு அவளுக்கு இனித்துக்கொண்டிருந்தது. அந்தச் செடியின் இலை எப்படி இருந்தது? பார்க்கவில்லை. தண்டைத்தான் பார்த்தாள், டம்ளரைத்தான் பார்த்தாள். பார்க்கவில்லை என்று மறுபடி சொல்லிக்கொண்டாள், ஆனால் கண் என்பது பார்க்காதமாதிரி பார்த்துவைத்துக்கொள்ளும் சாமான், இப்போது அது எடுத்துக் காட்டியது, சாக்குக்கு வெளியே தொங்கிய இலை, ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் கரும்பச்சை, நுனி ஒடுங்கிச் செருப்பு வார் மாதிரி.

இல்லை இல்லை, அதற்கப்புறம் மருந்துத் தண்ணியில் முக்கியிருப்போம். தினமும் முக்குகிறோமே. ஒரு ட்ரே முடிந்தால் ஒரு முக்கு, அது அவளே போட்ட சட்டம், சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு ஏன் முக்கவில்லை? முக்கவில்லை என்று யார் சொன்னது? அவள்தான் சொன்னாள். விஜயதசமி அன்று காலையில் நல்ல நேரம் பார்த்துப் புது நாற்றுக்கு ஒட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள், முதல் செட், அந்த முதல் செட், கத்திகளெல்லாம் சந்தனமும் குங்குமமுமாகத் தாம்பாளத்தில் வரிசையாக இருந்தன, ஒரு பெண் மருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளைத் தடுத்தது யார்? "இன்னைக்கு அதுல முக்காதீங்க புள்ள, பொட்டு அழிஞ்சுரும். பொட்டோடவே வெட்டுங்க, நல்லாருக்கும்." யாருடைய குரல் இது? மயிலாத்தாள் குரல் இல்லை. எவ்வளவு முயற்சி செய்தும் அதை மயிலாத்தாள் குரலாக்க முடியவில்லை. பொட்டை அழிக்க யாருக்குமே மனசு வராது, அது உண்மை, வேறு எந்தப் பண்ணையிலும் இதையேதான் செய்திருப்பார்கள், லாரி டிரைவர்கூட அன்றைக்கு வைத்த பொட்டைக் கழுவமாட்டான், மழை கழுவினால்தான் உண்டு. அதெல்லாம் சரி. லாரிக்கு வைரஸ் வராது. பூஜை போடும்போது அவள் கும்பிட்டது என்ன? எல்லா நாற்றும் பிழைக்கணும் சாமி. தன் கையால் சீக்கைக் கழுவி, எல்லாக் கத்திக்கும் பங்குவைத்து, துடைத்து, பொட்டும் வைத்து, பிழைக்கணும் சாமி என்று கும்பிட்டிருக்கிறாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வந்தது அழுகை. ஒரு நிமிஷம் நன்றாகவே அழுதாள், பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, இது வெறும் யோசனைதானே, யோசனைக்கு யார் சாட்சி என்று தனக்குத்தானே வக்கீலாக எழுந்து நின்றாள். புகையிலையாகவும் இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது? மயிலாத்தாள் ஒரு நாள் கைகழுவ மறந்திருக்கலாம், மனுஷிதானே. கத்தியா கையா, கையா கத்தியா, செக்குமாடு மாதிரி நினைப்பு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

சுற்றிக்கொண்டிருந்தது ஒரு இடத்தில் சட்டென்று நேராயிற்று. ரெண்டாவது செட். அந்த நாற்றுக்கு ஒட்டுக் கட்டியது பூஜைக்கு முந்தின வாரம். கட்டியதும் இதே பெண்கள்தான், அதிலும் பாதிக்குமேல் மயிலாத்தாள், அதே கை, அதே மதியச் சோறு, அதே புகையிலை. ஆனால் கத்திகள் பொட்டு வைக்காத கத்திகள், அண்டாவில் குளிக்காத கத்திகள், ட்ரேக்கு ஒருதரம் மருந்தில் முக்கிய கத்திகள். அப்படியானால் கையில் இருந்து வந்திருந்தால் ரெண்டாவது செட்டிலும் இருக்கும். கத்தியில் இருந்து வந்திருந்தால் ரெண்டாவது செட் சுத்தமாக இருக்கும். இவ்வளவுதான். இவ்வளவுக்குத்தான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். கையில் இருப்பதோ ஒரே ஒரு ஸ்ட்ரிப், ஒன்று புகையிலைக்கு, இல்லை நாற்றுக்கு. புகையிலைக்கு வைத்தால் மனசுக்கு நிம்மதி, போட்டோ, ஊர்வாய்க்குப் பூட்டு. நாற்றுக்கு வைத்தால், நாற்றுக்கு வைத்தால் என்ன வருமோ வரும். அவள் பொட்டலத்தை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு அறைந்து சாத்தினாள், யாரோ அதை எடுத்துவிடப் போகிற மாதிரி. சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள், வாசல் வாளியில் கையை விட்டாள், பால் குளிர்ச்சியாக விரலிடுக்கில் ஏறியது, மணிக்கட்டில் கண்ணாடி வளையலைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்டது. ரெண்டாவது செட்டுக்குள் கால் வைத்ததும் வழக்கமான அந்த வெக்கையும், ஈரநாரின் வாசனையும், தக்காளி இலையின் பச்சை நெடியும் சேர்ந்து முகத்தில் அடித்தன, இந்த நெடிக்காகவே அவள் தினமும் காலையில் காப்பிகூடக் குடிக்காமல் இங்கே வருவாள், யாரிடமும் சொன்னதில்லை. ஒட்டு நன்றாகக் கூடியிருந்தது. கிளிப் போட்ட இடத்தில் தண்டு புடைத்து, ஒரு செடியின் காலும் இன்னொரு செடியின் தலையும் இனி நாங்கள் ஒன்று என்று நின்றன. மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று வரிசை வரிசையாக நடந்து, மயிலாத்தாள் கட்டிய ட்ரேக்களில் கூடுதலாகவும், இலையில் ஒரு பொடித்துண்டு கிள்ளிக் கிள்ளிச் சேர்த்தாள். ஒவ்வொரு வரிசைக்கும் கையைத் திரும்பப் பாலில் நனைத்தாள். ஒவ்வொரு இலையையும் கண் தடவிப் பார்த்தது, இது வெளுப்பா, இல்லை வெயிலா, வெயில்தான், இது திட்டா, இல்லை நிழல்.

திரும்பி வந்து இலைத்துண்டுகளை ஸ்ட்ரிப்போடு வந்த சோதனைநீர்ப் பைக்குள் போட்டுப் பேனா முனையால் தேய்த்தாள், பச்சைச் சாறு இறங்கியது, கடைசி ஸ்ட்ரிப்பை அதில் நிறுத்தினாள். இனிக் காத்திருக்க வேண்டியதுதான். சாறு பட்டையில் மெதுவாக மேலே ஏறும், அது ஏறுவதைப் பார்ப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. பார்க்காமலும் இருக்க முடியாது. கொரோனாக் காலத்தில் இப்படித்தான் ஒருவன் பிளாஸ்டிக் கோட்டுக்குள் வியர்த்து ஒழுக அவளுக்கும் ரங்கசாமிக்கும் மூக்கில் குச்சி விட்டான், அப்போதும் இரண்டு கோடு. தெருவே கதவைச் சாத்தியது. கேட்டில் தகரம் அடித்தார்கள். சொந்த நாத்தனார் போனில்கூட மூச்சை அடக்கிக்கொண்டு பேசினாள். சாயங்காலமானால் மதில்மேல் ஒரு தூக்குப்போசி வந்து உட்காரும், கொள்ளுரசமோ கஞ்சியோ, தூக்குப்போசிக்குப் பின்னால் மதிலுக்கு மேல் கொண்டை மட்டும் தெரியும். "அம்மணி, மோந்து பாரு, வாசன தெரியுதா?" என்று கொண்டை கேட்கும். தெரியவில்லை என்று அழுவாள். "தெரியும் தெரியும், நாளைக்குக் கருவாடு கொண்டாறேன், அதுக்குந் தெரியாட்டி நீ மூக்க வித்துப்போடு" என்று கொண்டை சிரிக்கும். அந்தக் கொண்டைக்காரியை இன்றைக்கு அதேமாதிரி கேட்டுக்கு வெளியே உட்காரவைத்தாயிற்று. சீக்கு வந்தவர்களைத் தெரு ஒதுக்கினபோது வந்தவளை, சீக்கு வராமலேயே ஒதுக்கியாயிற்று. வசந்தாமணி இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரிப்பில் மேல்கோடு லேசாகப் பூத்துவிட்டிருந்தது, அது எப்போதும் வரும், பட்டை வேலை செய்கிறது என்பதற்கான கோடு. அதற்குக் கீழேதான் விஷயம். கீழே வெள்ளை. இன்னும் வெள்ளை. காலையில் இந்நேரத்துக்கு வந்துவிட்டதா? சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாளா காலையில், பார்க்கவில்லை, கத்தப் போய்விட்டாளே. கீழே ஏதோ ரோஜா நிறமாகத் தெரிந்தது, குனிந்தாள், அவள் தலை நகர்ந்ததும் அந்த ரோஜாவும் நகர்ந்தது, அது அவளுடைய புடவையின் நிழல். சனியன் பிடித்த புடவை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வராதே, வராதே, வராதே என்று உதடு தானாக அசைந்தது. எதை வராதே என்கிறோம் என்று பாதியில்தான் உறைத்தது. கோடு வராவிட்டால் நாற்று பிழைக்கும், மயிலாத்தாள் கை சுத்தம், அது தெரிந்தது. கோடு வராவிட்டால் கத்திதான், அண்டாதான், பொட்டுதான், கிட்டுசாமி அண்ணனின் கும்பிடுதான், ஆக மொத்தம் முதல் செட்டைக் கொன்றது வசந்தாமணிதான். அது தெரிந்தும் வேண்டுகிறாளா? நிறுத்திப் பார்த்தாள். மனசைப் பிடித்து, இதோ பார், தப்பு உன்மேல் விழும், சம்மதமா என்று கேட்டாள். மனசு கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று எதிர்பார்த்தாள். அது பிடிக்கவில்லை. என்மேலேயே இருக்கட்டும், முழுசாக என்மேலேயே இருக்கட்டும் சாமி என்றது. இப்படி ஒரு வேண்டுதலை எந்தக் கோயிலிலும் அவள் வைத்ததில்லை, வைத்தவுடன் நெஞ்சு லேசாகிவிட்டது, அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு டீ ஆறுகிற நேரம் போயிற்று. இன்னொன்று ஆறுகிற நேரமும் போயிற்று. தாளில் எழுதியிருந்த நேரம் முழுவதும் முடிந்து, அதற்குமேலும் கொஞ்சம் போனபின் ஸ்ட்ரிப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பினாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மேலே ஒரு கோடு, நல்ல சிவப்பு. கீழே பளிச்சென்று வெள்ளை. ஒற்றைக் கோடு. ரெண்டாவது செட் பிழைத்துவிட்டது. சந்தோஷம் அடிவயிற்றில் இருந்து எழும்பி வந்தது, வெட்கமும் கூடவே வந்தது, இரண்டும் தொண்டையில் ஒரே நேரத்தில் நின்றதில் அவளுக்கு விக்கலே எடுத்துவிட்டது. விக்கிக்கொண்டே நின்றாள். தூரத்தில் கால்வாய்ப் பாலத்து வளைவில் மினிபஸ் ஹாரன் கேட்டது, அந்த டிரைவருக்கு ஹாரனை அடிக்காமல் வண்டி ஓட்டத் தெரியாது, இன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. செருப்பைத் தேடினாள், ஒன்றுதான் கிடைத்தது, அதையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு வாசலைத் தாண்டினாள்.

பஸ் கேட்டுக்கு வந்து நிற்பதும் அவள் கேட்டுக்கு வந்து நிற்பதும் ஒன்றாக இருந்தது. மயிலாத்தாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள், திரும்பவில்லை.

"அக்கா."

முதுகு அசையவில்லை.

"மயிலாத்தாக்கா, ரெண்டாவது செட்டுல ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்குது." விக்கல் குறுக்கே வந்தது. "நீ கட்டுன நாத்து பூராவும் சுத்தம். உன்ற கையில்ல. பொகையிலயும் இல்ல. பூசைக்குக் கத்தியெல்லாம் ஒரே அண்டாவுல போட்டுக் களுவுனனே, அதுல ஒண்ணு கிட்டுசாமி அண்ணன் கொண்டாந்த சீக்குச் செடிய வெட்டுன கத்தி. பொட்டு அழியக்கூடாதுன்னு மருந்துல முக்க வேண்டாம்னு சொன்னதும் நாந்தான். நாந்தாங்க்கா பண்ணிப்போட்டேன்."

பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்த மயிலாத்தாள் இப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. முகத்தில் கோபம் இருந்தது, அது போய்விடும் என்று வசந்தாமணி நினைத்தாள், போகவில்லை, அங்கேயே இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற கோபம்.

"ரெண்டாவது செட்டு பூராவும் நல்லாருக்குதா?" என்று கேட்டாள்.

"பூராவும்."

மயிலாத்தாள் ஒரு பெருமூச்சு விட்டாள். அது நாற்றுக்காக விட்டது, தனக்காக அல்ல, வசந்தாமணிக்கு அது நன்றாகத் தெரிந்தது, தெரிந்ததும் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

"என்னை மன்னிச்சுரு அக்கா" என்றாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றாள் மயிலாத்தாள். "காலைல எங்கிட்ட மட்டுமா சொன்ன? அத்தன புள்ளைகளும் பாத்துட்டு நின்னாளுகல்ல. அங்க போய்ச் சொல்லு."

"ஏறுறீங்களா இல்லீங்களா?" என்று டிரைவர் கத்தினான்.

மயிலாத்தாள் அவனைப் பார்க்கவில்லை. வசந்தாமணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், போகிறாளா இல்லையா என்று. வசந்தாமணி போனாள். வெறுங்காலில் சரளை குத்தியது, விக்கல் இன்னும் நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொண்டு போகலாம் என்று கை எழும்பியது, பரவாயில்லை பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒட்டுக் கட்டும் கூடத்தின் வாசலில் போய் நின்றாள். பெண்கள் எல்லோரும் கத்தியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார்கள், காலையைப்போலவே பயந்துபோய். பின்னால் பஸ் கிளம்பிப் போகிற சத்தமும், அது போனபிறகு சரளையில் மெதுவாக வருகிற செருப்புச் சத்தமும் கேட்டன. வசந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை. "கத்தியெல்லாம் கீழ வெச்சுப்போட்டு எல்லாரும் இங்க வாங்க புள்ள" என்றாள், காலையில் கத்தின அதே சத்தத்தில், "காலைல நான் சொன்னது தப்பு."